காப்புக் கட்டிய கையோடு ஆறு மணி நேரக் கார் பந்தயம்

கார் பந்தயத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காரில் நாற்பதைத் தாண்டினாலே ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கிற ஜாதி நான். அப்படிப்பட்டவன் 2004 ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் கழித்தேன் என்றால், அதற்குக் காரணம் என் மச்சினன் குமரன். காஞ்சிபுரத்தில் தங்கிக்கொண்டு பந்தயம் பார்க்கப் போவது எப்படி என்று இரண்டு பேர் மெயிலில் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகவே இந்தப் பதிவு. நான் செய்த மாதிரி மட்டும் செய்துவிடாதீர்கள்.

குமரன் என் மனைவி வாணியின் தம்பி. வயது இருபத்தாறு. பிள்ளையார்பாளையத்தில் வீடு, வீட்டுக்குள் இரண்டு தறி. ஆறு நாள் பட்டு நெய்வான், ஞாயிறானால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரஃபீக் என்கிற நண்பரின் ஷெட்டுக்குப் போய்விடுவான். ரஃபீக் அங்கே ஒரு கார் கட்டியிருந்தார். இரும்புக் குழாயில் கூடு, மேலே ஃபைபர் ஓடு, ஒரு பழைய சின்னக் காரின் இன்ஜினைக் கழற்றி டிரைவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். ப்ரோட்டோடைப் என்கிறார்கள். அதாவது எந்த ஷோரூமிலும் கிடைக்காத, பந்தயத்துக்கென்றே பிறந்த கார். வெளிநாட்டில் இந்த வகைக் கார்கள் ஒரு பகலும் ஒரு இரவும் நிற்காமல் ஓடும். இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். குமரன் அதையெல்லாம் சிடியில் பார்த்துப் பார்த்து சிடியே கீறலாகிவிட்டது.

நம் ஊரில் நடந்தது அதன் சின்னத் தம்பி, ஆறு மணி நேரம்தான். ரஃபீக்கின் கார் இதற்கு முன் இரண்டு முறை இந்த மாதிரிப் பந்தயத்தில் இறங்கி, இரண்டு முறையும் பாதியில் படுத்துவிட்டது. முதல் முறை புகை, இரண்டாம் முறை பின்சக்கரமே தனியாகப் போய்விட்டது. அதனால் இந்த முறை ஜெயிக்கும் ஆசை எல்லாம் யாருக்கும் இல்லை. கடைசிக் கொடி விழும்போது கார் ஓடிக்கொண்டிருந்தால் போதும் என்பதுதான் அவர்கள் வேண்டுதல்.

வேண்டுதல் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தத் தெரு அம்மனுக்கு ஆடியில் தீமிதி. பத்து நாளைக்கு முன்பே கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்பு என்பது மஞ்சள் துண்டு முடிந்த மஞ்சள் கயிறு. அதைக் கட்டிய பிறகு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, வெளியில் சாப்பிடக் கூடாது. அந்தத் தெருவில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. பூசாரி கரகத்தோடு இறங்கிய பிறகு, யார் எந்த வரிசையில் காப்புக் கட்டினார்களோ அந்த வரிசையில்தான் குழியில் கால் வைக்க வேண்டும். முதல் ஆள் வராவிட்டால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான்.

அந்த வருடம் முதல் காப்பு குமரனுக்கு. மாமனார் இறந்த பிறகு வீட்டில் நடக்கிற முதல் வேண்டுதல், அதனால் அவன் அம்மா, அதாவது என் அத்தையே முந்திக்கொண்டு முதல் ஆளாகக் கட்ட வைத்தார். பந்தயம் தீமிதிக்கு இரண்டு வாரம் முன்னால் முடிந்திருக்க வேண்டியது. அமைப்பாளர்கள் என்ன காரணத்தாலோ இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். தள்ளியது நேராகத் தீமிதி நாளில் போய் விழுந்தது.

வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் பூசாரியிடமே போனோம். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டு, ராத்திரி வெளியே தங்குவதுதான் பெரிய தப்பு, விடியற்காலையில் போய் விளக்கு வைப்பதற்குள் குழி முன்னால் வந்து நின்றால் அம்மன் பொறுத்துக்கொள்ளும் என்றார். ஆனால் பொறுப்பான ஆள் ஒருவர் கூடவே போய்க் கையோடு கூட்டிவர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கார் என்னிடம்தான் இருந்தது.

இங்கே என் அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. கோபம் எல்லாம் இல்லை. மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர். எனக்கு வரவேண்டிய செய்தி வாணி வழியாக வரும், வாணி இல்லாவிட்டால் சுவர் வழியாக வரும். "அவங்களுக்கு ரசம் வேணுமான்னு தெரியல" என்று சுவரிடம் சொல்வார். நானும் சுவரிடமே வேண்டும் என்பேன். அன்றைக்கும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்: "அவங்க கூட்டிக்கினு வந்துடுவாங்கன்னா, போவட்டும்."

நான் சுவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் ஒரு தூக்குவாளி நிறைய கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், நாலு எலுமிச்சம்பழம். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஏனாத்தூர் வழியாகப் போய் நெடுஞ்சாலையைப் பிடித்தால் தடம் சுமார் நாற்பது கிலோமீட்டர். சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்ததால் ஆங்காங்கே மண் பாதையில் இறக்கிவிட்டார்கள். இருந்தும் ஆறேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பரவாயில்லையே, ஒன்றேகால் மணி நேரம்தான் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அந்தக் கணக்கை நம்பியதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

திட்டம் ரொம்பச் சுலபமானது. பந்தயம் ஒன்பதரைக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடியும். ஓட்டுநர்கள் மூன்று பேர்: ரஃபீக், அவர் நண்பர் ஜோசப், நம்ம குமரன். குமரன் முதலில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கிவிடுவான். மிச்சத்தை மற்ற இருவரும் பார்த்துக்கொள்வார்கள். பதினொரு மணிக்கு நாங்கள் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டில் இருக்கலாம்.

முதல் சிக்கல் எட்டு மணிக்கு வந்தது. ஓட்டுநர்களின் உடை, தலைக்கவசம் எல்லாவற்றையும் சோதிக்கிற அதிகாரி குமரன் கையைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டில் எதுவும் இருக்கக் கூடாது, கயிற்றை அவிழ்த்துவிடுங்கள் என்றார். குமரன் அசையவில்லை, முகம் மட்டும் வெளுத்துவிட்டது. காப்பை அவிழ்ப்பதற்குப் பதில் கையையே கழற்றிவைத்துவிட்டு ஓட்டுகிறேன் என்று சொல்லக்கூடியவன் அவன். அதிகாரி கயிற்றை இன்னொரு தரம் பார்த்தார். நூலா நைலானா என்று விரலால் நிமிண்டினார்.

"எந்த அம்மன்பா?" என்றார்.

குமரன் சொன்னான். தீமிதி எப்போது என்று கேட்டார், இன்றைக்குத்தான் என்றான். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு பருத்தித் துணிப்பட்டையை எடுத்து அவரே காப்பின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி, அதன் மேல் கையுறையை மாட்டிப் பார்த்து, விரல் மடங்குகிறதா என்று சோதித்துவிட்டு அனுப்பினார். அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

காலுக்கு என்ன செய்தான் என்று கேட்பீர்கள். செருப்புதானே கூடாது, இது பந்தய பூட்ஸ் என்று குமரனே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டான். காருக்குள் ஏறும்போது மட்டும் மாட்டிக்கொண்டான், இறங்கியதும் கழற்றிவிட்டான். தார்த் தரையில் வெறுங்காலோடு அவன் போவதைப் பார்த்து மற்ற அணிக்காரர்கள் ஏதோ புதுப் பயிற்சி முறை என்று நினைத்திருப்பார்கள்.

நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழத்தை வைத்தது ரஃபீக். ஒன்பதரைக்குப் பதினான்கு கார்கள் ஒன்றாகக் கிளம்பின. காதுக்குப் பஞ்சு கொண்டுபோகாதவர்கள் அந்த நிமிடமே வருத்தப்படுவார்கள். தடம் நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. முதல் பத்துச் சுற்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னால் கொட்டாவி வரும். நம்ம கார் எதிரில் போகும்போது மட்டும் தலையைத் தூக்கினால் போதும்.

குமரன் ஒரே மாதிரி ஓட்டினான். யாரையும் துரத்தவில்லை, யாராவது துரத்தினால் ஒதுங்கி வழிவிட்டான். இறங்கியதும் இடுப்பு வலிக்கவில்லையா என்று கேட்டேன். "தறிக்குழி மாதிரியே இருக்குது மாமா. தரையோட தரையா உக்காந்து காலை நீட்டிக்கினு மிதிக்கணும், அவ்ளோதான்" என்றான். அவன் வேலை முடிந்துவிட்டது. பதினொன்றேகால் கூட ஆகவில்லை. கூழ் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நிழலில் உட்கார்ந்தோம். அவன் வெளியில் சாப்பிடக் கூடாது, கூழ் வீட்டிலிருந்து வந்தது. ரஃபீக்கும் ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார்.

அப்போதே எழுந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

பன்னிரண்டு மணிக்குக் கார் உள்ளே வந்தது. ஜோசப்பை இரண்டு பேர் தூக்கித்தான் இறக்கினார்கள். வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்து ஆளைச் சுருட்டிவிட்டது. வாந்தி எடுத்தார். தடத்தில் இருந்த டாக்டர் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, இன்றைக்கு இவர் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். ரஃபீக் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். ஆனால் ஒருவர் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று விதி. இரண்டு மணிக்கு அவர் இறங்கியே ஆக வேண்டும். அதற்குப் பிறகு கடைசிவரை ஓட்ட ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

குமரன் என்னிடம் எதுவும் கெஞ்சவில்லை. "நீங்க சொல்ற மாதிரி செய்றேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், முடியாது என்று சொல்லியிருப்பேன். மூன்று வருடமாக அந்தக் கார் ஒரு பந்தயத்தையும் முடித்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும், அந்தத் தெருவில் அவனுக்குப் பின்னால் நாற்பது பேர் காப்போடு நிற்பார்கள் என்பதும் தெரியும்.

வாணிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். மூன்றரைக்கு முடிந்துவிடுமா என்று கேட்டாள். முடிந்துவிடும், நாலு மணிக்குக் கிளம்பினால் ஐந்தேகாலுக்கு வீடு என்றேன். அவள் அம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். "ஆனா நீங்கதான் வாக்குக் கொடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இரண்டு மணிக்குக் குமரன் ஏறினான். இரண்டரைக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஆடி மாதத்து மழை, சொல்லிக்கொண்டா வரும்? பத்து நிமிடத்தில் எதிரில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குக் கொட்டியது. சிவப்புக் கொடியைக் காட்டி எல்லாக் கார்களையும் நிறுத்திவிட்டார்கள். இத்தோடு பந்தயத்தை முடித்துவிடுவார்கள் என்று மனதுக்குள் அம்மனுக்கு நன்றியே சொல்லிவிட்டேன். நின்ற நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் முழு ஆறு மணி நேரமும் நடக்கும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். தட்டாதவன் நான் ஒருவன்தான்.

ஐம்பது நிமிடம் போனது. வாணிக்கு மறுபடி போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன், கடைசியில் என் செல்போனில் சார்ஜ் தீர்ந்தது.

மீண்டும் தொடங்கியபோது நம்ம கார் இருமிக்கொண்டுதான் கிளம்பியது. டிரைவர் தலைக்கு மேல் மூடி இல்லாத கார், எங்கெங்கோ தண்ணீர் புகுந்திருந்தது. நாலு சிலிண்டரில் மூன்றுதான் வேலை செய்கிறது என்று ரஃபீக் சத்தத்தை வைத்தே சொன்னார். உள்ளே கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது என்றார். அந்தக் கடைசி ஒரு மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து நின்று காதால்தான் பந்தயம் பார்த்தோம். தூரத்து வளைவில் அந்த இருமல் சத்தம் கேட்டால் மூச்சு விடுவோம், கேட்காவிட்டால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வோம்.

நாலு இருபதுக்குக் கட்டம் போட்ட கொடி விழுந்தது. குமரன் இருமிக்கொண்டே கோட்டைத் தாண்டினான். முடித்த கார்கள் பத்து, நாங்கள் ஒன்பதாவது. ரஃபீக் நனைந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் வந்தவர்கள்கூட அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அதைப் பார்த்து ரசிக்க நேரமில்லை. குமரனை உடையோடு காரில் தள்ளிக்கொண்டு கிளம்பும்போது நாலே முக்கால்.

இனிமேல்தான் உண்மையான பந்தயம். காலையில் வெறும் மண்ணாக இருந்த மாற்றுப் பாதைகள் எல்லாம் இப்போது சேறு. சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு லாரி சேற்றில் குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். நான் ஹாரன் அடித்தேன், இறங்கி நடந்து பார்த்தேன், முகம் தெரியாத ஒரு பஸ் டிரைவரிடம் சண்டைக்குப் போனேன். ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்கிறாயா என்று குமரனிடமே கேட்டுவிட்டேன். "வேணாம் மாமா. இடம் இல்லாத எடத்துல யார் ஓட்னா என்ன? நீங்க அமைதியா வாங்க" என்றான். கையுறையைக் கழற்றி, துணிப்பட்டையைப் பிரித்து, ஈரமான காப்பை மட்டும் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அமைதியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஏனாத்தூர் வரும்போதே இருட்டிவிட்டது. கடைகளில் விளக்கு எரிந்தது. விளக்கு வைப்பதற்குள் என்று சொன்ன பூசாரி முகமும், சுவரைப் பார்த்து நின்ற அத்தையின் முதுகும் மாறி மாறி வந்துபோயின. தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போது ஏழு ஐந்து. உள்ளே ஒரே கூட்டம், ஒரே புகை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினோம், அவன் வெறுங்காலோடும் நான் சேற்றில் ஒன்றைத் தொலைத்துவிட்டு ஒற்றைச் செருப்போடும்.

குழி முன்னால் பூசாரி உட்கார்ந்து முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் புகையில் சிவந்திருந்தது. குழியில் நெருப்பு இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் கொட்டிய அதே மழை இங்கேயும் கொட்டி, பற்றவைத்த கட்டையை எல்லாம் நனைத்துவிட்டது. மழை பிடித்ததிலிருந்து தெருவே அங்கேதான், அதனால்தான் போனை எடுக்க ஆளில்லை. ஈரக் கட்டையை வாரிப் போட்டுவிட்டு, வீடு வீடாகக் காய்ந்த விறகு வாங்கி இப்போதுதான் மறுபடி பற்றவைத்திருக்கிறார்கள்.

பூசாரி எங்களை நிமிர்ந்து பார்த்தார். "வந்துட்டியா? இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆவும். போயி தண்ணி ஊத்திக்கினு வா" என்றார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. யாரோ கேட்டதற்குப் புகை என்று சொல்லிவைத்தேன். குமரன் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்து, கோயில் சுவரில் சாய்ந்து அரை மணி நேரம் தூங்கக்கூடத் தூங்கினான்.

எட்டே முக்காலுக்குப் பூசாரி கரகத்தோடு இறங்கினார். அடுத்தது குமரன். அவசரமே இல்லாமல், காலையில் வளைவுகளில் போன மாதிரியே ஒரே சீராக நடந்து அந்தப் பக்கம் ஏறினான். அவனுக்குப் பின்னால் நாற்பது பேரும் இறங்கினார்கள். அத்தை இந்தப் பக்கம் கைகூப்பி நின்றபடியே இருந்தார். ரொம்பச் சுட்டதா என்று பிறகு கேட்டேன். மத்தியானம் அந்தத் தார்த் தரைதான் இதைவிடச் சுட்டது என்றான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கோயம்பேட்டிலிருந்து காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில் ஏறி இருங்காட்டுக்கோட்டையில் இறங்கலாம், ஆட்டோ கிடைக்காவிட்டால் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அன்றைக்கு நுழைவுக் கட்டணம் ஐம்பது ரூபாய் வாங்கினார்கள். தொப்பி, தண்ணீர், காதுக்குப் பஞ்சு, மூன்றும் கட்டாயம். உள்ளே சாப்பாடு சுமார்தான், கூழ் கொண்டுபோவது புத்திசாலித்தனம். நீண்ட பந்தயத்தைக் காலையிலிருந்து மாலைவரை பார்க்கத் தேவையில்லை. முதல் அரை மணியும் கடைசி ஒரு மணியும் பார்த்தால் போதும், நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போடலாம். காஞ்சிபுரத்தில் தங்குகிறவர்கள் மறுநாள் காலையிலேயே கோயில்களை முடித்துவிடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். மழை பெய்திருந்தால் மேற்கே தாமல் ஏரிவரை போய் வாருங்கள். சாலை வேலை முடிகிறவரை ஒரு மணி நேரப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அதைவிட முக்கியம், அதே நாளில் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காதீர்கள்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது பத்து மணி இருக்கும். குமரன் அதற்குள் படுத்துவிட்டான். வாணி உள்ளே குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். அத்தை இட்லியை வைத்துவிட்டு வழக்கம்போலப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சுவரையும் பார்க்கவில்லை.

"வண்டி கடைசி வரைக்கும் ஓடிச்சா மாப்பிள்ளை?"

கையில் எடுத்த இட்லி கையிலேயே நின்றது. ஓடியது அத்தை, ஒன்பதாவதாக வந்தான் என்றேன். ஒன்பதாவது நல்லதா கெட்டதா என்று அவர் கேட்கவில்லை. சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"அடுத்த வருசம் ரேசு என்னிக்குன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. காப்புக் கட்ற நாளை நான் பூசாரி கிட்ட பேசிக்கறேன்" என்றார்.